அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் லெவல்கள்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பெண் பிள்ளைகளுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற தேசிய அமைப்பு இரண்டு பாதைகளை நடத்துகிறது. ஒன்று, லெவல் 1 முதல் 10 வரை போகும் டெவலப்மென்ட் புரோகிராம். மற்றது எக்ஸெல், அதில் பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், சஃபையர் என்று ஆறு பிரிவுகள்.

லெவலும் பள்ளி வகுப்பைப் போல ஆண்டுக்கு ஒன்று ஏறிவிடும் என்று எண்ணுவதுதான் பெரிய தவறு. மேலே போக, பல லெவல்களில் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் பயிற்சியாளரின் ஒப்புதலும் வேண்டும். லெவல் 4-இல் பலர் நின்றுவிடக் காரணம், பார்ஸில் (உயரம் மாறுபடும் இரு கம்பிகள்) வரும் கிப் என்ற அசைவு. கம்பியில் தொங்கி முன்னே வீசி, உடல் முழுவதும் நீண்டதும் கால்விரல்களைக் கம்பிக்குக் கொண்டுவந்து, கையை மடக்காமல் கம்பிக்கு மேலே எழ வேண்டும். வயிற்றுத் தசைக்கும் தோளுக்கும் வலு வரும் முன் பழகினால் கை மடங்கும். மடங்கினால் மதிப்பெண் போகும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். ஆகவே ஒரே லெவலில் இரண்டாவது ஆண்டு ஆடுவது தோல்வி ஆகாது.

எக்ஸெல்லை "இரண்டாம் தரம்" என்று ஒதுக்குவதும் தவறு. லெவல் 1 முதல் 5 வரை ஒவ்வொரு லெவலிலும் எல்லோருக்கும் ஒரே ரொட்டீன் (அசைவுகளின் தொகுப்பு), ஃப்ளோருக்கு (தரையில் ஆடும் பகுதி) ஒரே இசை. எக்ஸெல்லில் பிள்ளைக்குக் கைவந்த திறன்களை வைத்தே பயிற்சியாளர் ரொட்டீன் அமைக்கலாம். கிப் வராத பிள்ளையும் மேடை ஏறலாம். பயிற்சி நேரமும் பொதுவாகக் குறைவு. ஆனால் கல்லூரி அணிதான் கனவு என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: முன்னணி கல்லூரி அணிகள் பெரும்பாலும் லெவல் 10-இலிருந்துதான் ஆள் எடுக்கின்றன.

மதிப்பெண்களை ஒப்பிடாதீர்கள். வால்ட், பார்ஸ், பீம், ஃப்ளோர் என்ற நான்கு கருவிகளுக்கும் சேர்த்து 40-க்குத்தான் கணக்கு என்றாலும், எக்ஸெல் சில்வரில் 37 வாங்கியவரையும் லெவல் 8-இல் 35 வாங்கியவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2013-இல் லெவல் எண்களும் மாறின. பழைய லெவல் 5 இன்றைய லெவல் 4. யுஎஸ்ஏஐஜிசி என்ற தனி அமைப்பிலும் சில்வர், கோல்டு என்ற பெயர்கள் உண்டு. அவை எக்ஸெல்லின் அதே பிரிவுகள் அல்ல.

வளரும் வயதில் குதிகால், மணிக்கட்டு வலியை "சகஜம்" என்று தள்ளிவிடாதீர்கள். எலும்பின் வளர்ச்சிப் பகுதி மென்மையானது. தொடர்ந்து சுமை ஏற்றினால் மாதக்கணக்கில் ஓய்வு தேவைப்படலாம். போட்டி நெருங்கினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டீமில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மாதக் கட்டணத்தோடு லியோடார்ட் (போட்டி உடை), போட்டி நுழைவு, பயிற்சியாளர் பயணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு, ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு இந்த ஜிம்மில் மாற முடியுமா. சில ஜிம்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர், தனித்தனி நேரம். விதி அனுமதித்தாலும் அங்கே மாறுவது சிரமம்.