ஏற்காட்டு லேடீஸ் சீட்டும் பஸ்ஸில் இருக்கும் லேடீஸ் சீட்டும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலையில் சேர்ந்தவன் நான். ஆங்கில ஈய எழுத்துகளில் பெரியவை மேல் கேஸிலும், அதாவது மேல் தட்டிலும், சின்னவை கீழ் கேஸிலும் கிடக்கும். அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்ற பேச்சு வந்ததே அப்படித்தான். இப்போது சொந்தமாக டிடிபி கடை. லீவு லெட்டர், பயோடேட்டா, விசிட்டிங் கார்டு எது வந்தாலும் முதலில் என் கண் போவது கேப்பிடல் லெட்டரில்தான்.

நம் எழுத்தில் பெரிசு சிறிசு கிடையாது. அதனால் நம்மவர்கள் முக்கியமாகத் தோன்றும் சொல்லையெல்லாம் ஆங்கிலத்தில் பெரிதாக்கிவிடுகிறார்கள். முக்கியம் என்பது கணக்கே இல்லை. அது பெயரா, வெறும் விவரமா? இதை மட்டும் கேளுங்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றுக்குக் கார்டு அடித்தபோது, 'லேடீஸ் சீட் அருகில்' என்பதை முழுக்கச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டேன். சேலத்தை மேலிருந்து பார்க்கும் அந்த இடத்தின் பெயர், பஸ்ஸில் பெண்கள் உட்காரும் இருக்கை மாதிரி ஆகிவிட்டது. 500 கார்டும் குப்பைக்குப் போனது. பிக் லேக் என்பதும் அப்படியே: இரண்டு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கினால் ஏற்காடு ஏரி, சின்ன எழுத்தென்றால் ஏதோ ஒரு பெரிய ஏரி. சேலத்தில் நம் அஞ்சு ரோடு சந்திப்பைச் சின்ன எழுத்தில் ஃபைவ் ரோட்ஸ் என்று எழுதினால், வெளியூர்க்காரர் சாலைகளை எண்ணத் தொடங்குவார்.

பதவிக்கும் உறவுக்கும் இதே கேள்விதான். கலெக்டர் என்ற சொல் ஒருவர் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய சி. 'கலெக்டரைப் பார்த்தேன்' என்று பொதுவாகச் சொன்னால் சின்ன சி போதும். 'மை மதர்' என்றால் சின்ன எம். அம்மாவை 'மதர்' என்றே கூப்பிட்டால் அது பெயர் மாதிரி, பெரிய எம்.

கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து. பருவங்களுக்குக் கிடையாது, சம்மர் பொதுவாகச் சின்ன எஸ். ஆனால் ஏற்காட்டுக் கோடை விழாவை சம்மர் ஃபெஸ்டிவல் என்று எழுதும்போது அது விழாவின் பெயர், இரண்டையும் பெரிதாக்குங்கள். பயோடேட்டாவில் தமிழ், இங்கிலீஷ் என்ற மொழிப் பெயர்களுக்குப் பெரிய எழுத்து. மேத்ஸ், பிசிக்ஸ் வெறும் பாடம், வாக்கியத்துக்குள் வந்தால் சின்ன எழுத்து. படித்த பிள்ளைகளே இதில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

வாக்கியத்தின் முதல் எழுத்தும், 'நான்' என்று பொருள்படும் ஐ எழுத்தும் எங்கே வந்தாலும் பெரிசு. இது எல்லாருக்கும் தெரியும், ஆனால் வாட்ஸ்அப் பழக்கத்தில் ஐ சுருங்கிவிடுகிறது. லீவு லெட்டர் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' எழுதும்போது ஒய் மட்டும் பெரிசு, எஃப் சின்னது. எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டுமே பெரிசாகத்தான் இருக்கும்.

மாம்பழ சீசனில் பெட்டி லேபிள் அடிக்க வருகிறவர்களிடம் ஒரு சண்டை உண்டு. கிலோவுக்கான கே, ஜி இரண்டுமே சின்ன எழுத்துதான். பெரிய கே வெப்பநிலை அளக்கும் கெல்வினுக்குரியது. 'கெத்தா இருக்கட்டும்ணே, பெரிசாவே போடுங்க' என்பார்கள். சரி, பணம் அவர்களுடையது.

வங்கிப் படிவத்தில் பிளாக் லெட்டர் கேட்டால் முழுக்கப் பெரிய எழுத்தில் நிரப்புங்கள். கடிதத்தில் வேண்டாம், அதட்டுகிற மாதிரி இருக்கும். கேப்ஸ் லாக்கை அணைக்க மறந்து ஒரு பக்கம் அடித்துவிட்டீர்களா? எம்எஸ் வேர்டில் அதைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டைப் பிடித்தபடி எஃப்3 தட்டுங்கள். தட்டத் தட்ட எழுத்து பெரிசு, சின்னது என்று மாறிக்கொண்டே வரும். எல்லாம் சின்னதானதும் சேலம், ஏற்காடு, சண்டே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால்தான் பெரிதாக்க வேண்டும்.