ஈரோட்டில் தங்கிக் கொங்கு நாட்டைக் காண வருவோருக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கொங்கு நாட்டை ஒரு வழித்தடமாகவே கடந்துபோகிறார்கள். கோவையில் விமானத்தை விட்டு இறங்கி, ஏதேனும் ஒரு திருமண மண்டபத்தில் மொய் எழுதிவிட்டு, மறுநாளே ஊட்டிக்கோ பழனிக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். தஞ்சாவூரையோ மாமல்லபுரத்தையோ போல எந்த நாளில் போனாலும் நின்று பார்க்கத்தக்க பெருஞ்சின்னங்கள் இங்கே குறைவு. இந்த நாடு கிழமையையும் தமிழ் மாதத்தையும் பார்த்து இயங்குகிறது; செவ்வாய்க்கிழமை கால் வைக்க இடமில்லாமல் நெரியும் ஒரு சந்தையை வியாழக்கிழமை போய்ப் பார்ப்பவருக்கு அதன் சிறப்பு விளங்காது. ஆகவே, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒரு தமிழ் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

தங்குவதற்குக் கோவையைவிட ஈரோட்டையே நான் பரிந்துரைப்பேன். கோவையில் விடுதிகளும் மருத்துவமனைகளும் கூடுதலாக இருக்கலாம். ஆனால் காவிரி, பவானி, நொய்யல் ஆகிய மூன்று ஆறுகளின் கரைகளும் ஒரு நாளில் போய்த் திரும்பும் தொலைவில் இருப்பது ஈரோட்டில்தான். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நாள் முழுவதும் இரயில்கள் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமாகையால், பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்து வருபவர்கள் ஆடி மாதத்தையோ மார்கழி, தை மாதங்களையோ தேர்ந்தெடுக்கலாம்.

திங்கட்கிழமை மாலைக்குள் ஈரோட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டால், கனி மார்க்கெட் என்று ஊரார் சொல்லும் ஜவுளிச் சந்தையைப் பார்த்துவிடலாம். திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் இந்த வாரச்சந்தைக்குக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். வேட்டி, லுங்கி, துண்டு, போர்வை எனப் பெரும்பாலும் மொத்தமாகவே விலை பேசுவார்கள் என்றாலும், சில்லறையாகக் கேட்பவரை யாரும் விரட்டுவதில்லை. ஊருக்குக் கொண்டுபோகத் துண்டும் போர்வையும் வாங்குவதாயின், குளிர்பதன வசதியுள்ள கடைக்குள் நுழைவதற்கு முன் இங்கே ஒரு சுற்று சுற்றிவிடுங்கள்.

இந்நகரின் மற்றொரு முகம் மஞ்சள். மாசி, பங்குனியில் புதுமஞ்சள் வரத்து மிகும் காலத்தில், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அனுமதி கேட்டு, ஏலம் நடக்கும் முற்பகலில் ஓர் ஓரமாக நின்று பாருங்கள். விரலி, கிழங்கு எனப் பிரித்து வைத்திருக்கும் மாதிரிகளில் ஒன்றை எடுத்து, வியாபாரி சட்டென்று ஒடித்து, ஒடிந்த முகத்தின் நிறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். ஒடியும் சத்தத்திலேயே மஞ்சள் காய்ந்திருக்கும் பதம் அவருக்குத் தெரிந்துவிடும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், அந்த மஞ்சளை வளர்த்த வாய்க்காலின் வயதோ ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகள். 13-ஆம் நூற்றாண்டில் கொங்குத் தலைவன் காலிங்கராயன் வெட்டுவித்த அவ்வாய்க்கால், பவானி ஆற்றின் அணையில் தொடங்கி, மேட்டையும் பள்ளத்தையும் அனுசரித்துப் பாம்பைப் போல வளைந்து வளைந்து நொய்யல் வரை செல்கிறது. தன்னலத்துக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக் கூடாதென்று, தன் வழியினர் அந்த நீரைத் தொடமாட்டார்கள் என அவன் சூளுரைத்துக் குடிபெயர்ந்தான் என்பது இப்பகுதியின் செவிவழிச் செய்தி. வாய்க்கால் கரையோரமாக ஒரு காலை நேரம் நடந்தால் நெல், மஞ்சள், கரும்பு, வாழை எல்லாவற்றையும் ஒருசேரக் காணலாம். நகருக்குள் அதே வாய்க்காலில் கலக்கும் கழிவையும் கண்டு முகம் சுளிக்க நேரிடும். அதையும் பார்த்துவிட்டுப் போவதே நேர்மை.

பவானிக்குப் பேருந்தில் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஆகும். காவிரியும் பவானியும் கூடுகின்ற கூடுதுறையில் அமாவாசைதோறும் திதி கொடுக்க வருவோர் கூட்டம் அலைமோதும். ஆடிப்பெருக்கன்று புதுமணத் தம்பதியரும் முளைப்பாரி எடுத்து வரும் பெண்களும் படித்துறையை நிறைத்துவிடுவார்கள். வெறுமனே கோயிலைப் பார்க்க வருபவர்கள் இவ்விரு நாள்களையும் தவிர்க்கலாம். ஊர் மக்களோடு ஒருவராக நிற்க விரும்புபவர்கள் இந்த நாள்களில்தான் வர வேண்டும். சங்கமேசுவரர் கோயிலில் தந்தக் கட்டிலைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த வில்லியம் கேரோ, ஒரு மழை இரவில் வேதநாயகி அம்மன் சிறுமி வடிவில் வந்து தம்மை வெளியே அழைத்துச் சென்றதும், தாம் தங்கியிருந்த மாளிகை இடிந்து விழுந்ததாக நம்பி, 1804-இல் அம்மனுக்கு அக்கட்டிலைக் காணிக்கையாக அளித்தார். கோயிலுக்குள் நுழைய இயலாத அவர் வெளியிலிருந்தே அம்மனைத் தரிசிப்பதற்காக மதிலில் இடப்பட்ட துளைகளையும் காட்டுவார்கள்.

பவானி ஜமக்காளம் வாங்குவதில் சற்று நிதானம் தேவை. அதன் பெயரைச் சொல்லி விசைத்தறித் துணியை விற்பவர்கள் உண்டு. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையத்தைத் தேடிப் போய் வாங்குங்கள். அகலப் பட்டைகளாக ஓடும் நிறங்களும் முரட்டுப் பருத்தியின் கனமும் கையில் பட்டவுடன் வேறுபாடு தெரியும். தறியில் நெய்வதைப் பார்க்க வேண்டுமென்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

உணவைப் பொறுத்தவரை, கொங்குச் சமையலின் சிறந்த பகுதி உணவகங்களில் கிடைப்பதில்லை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். அரிசிம்பருப்பு என்று வீடுகளில் வழங்கும் சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, மேலே நெய்யை ஊற்றி, தயிரும் அப்பளமும் தொட்டுக்கொண்டு உண்ணும் எளிய உணவு அது. எளிமையானது என்பதாலேயே விருந்தாளிக்கு வைக்கக் கூச்சப்படுவார்கள். விருந்துக்கு அழைக்கும் உறவினரிடம் பிரியாணி வேண்டாம், அரிசிம்பருப்பும் கொள்ளு ரசமும் போதும் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கொள்ளை வேகவைத்து வடித்த நீரில் ரசமும், வெந்த கொள்ளில் கடைந்த பருப்பும் ஆக ஒரே தானியத்திலிருந்து இரண்டு தொடுகறிகள் பந்திக்கு வரும். அடுப்பே மூட்டாமல் புளியைக் கரைத்துச் சின்ன வெங்காயமும் மிளகாயும் நசுக்கிப் போடும் பச்சைப்புளி ரசத்தை வெயில் காலத்தில் தவறவிடக் கூடாது.

சந்தகை செய்வதை நேரில் பார்க்க வாய்த்தால் அதற்காக ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம். ஊறிய அரிசியை அரைத்து இட்லியாக வேகவைத்து, சூடு ஆறும் முன்பே அச்சில் போட்டு, ஒருவர் கைப்பிடியை முழு பலத்தோடு அழுத்த, இன்னொருவர் கீழே தட்டைச் சுழற்றிச் சுழற்றி வெள்ளை இழைகளை ஏந்துவார். ஆறிவிட்டால் மாவு இறுகி இறங்காது. அதனால் பேச்சும் அதட்டலுமாகச் சமையலறை கலகலக்கும். தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றி உண்பது ஒரு வகை. எலுமிச்சையோ புளியோ சேர்த்துத் தாளிப்பது இன்னொரு வகை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் வாங்கப்படும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பவானிக்கு அருகிலேயே கிடைக்கிறது.

கடையில் உண்பதானால் காவிரிப் பாலத்தைக் கடந்து அக்கரைக்குச் செல்லலாம். பள்ளிபாளையம் சிக்கன் என்ற பெயரைத் தமிழகம் முழுவதும் உணவுப் பட்டியல்களில் பார்க்கலாம். ஆனால் கடைகள்தோறும் மசாலாப் பொடிகளைக் கொட்டிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். உரிய முறையில் செய்தால் சிறு துண்டுகளாக வெட்டிய நாட்டுக்கோழி, சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள் ஆகியவற்றுக்கு மேல் அதற்கு அதிகம் தேவைப்படாது. புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் சமைக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலோ ஆட்டுக்கறிக் கடையில் வரிசை நிற்கும். மெஸ்களில் மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்வது உத்தமம். பிந்தினால் குடல் குழம்பு தீர்ந்திருக்கும்.

வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஒரு நாள் கொடுமணல் வழியாக அமையட்டும். சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் உள்ள இவ்வூரைப் பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று பாடுகிறது. அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய தடயங்களும் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. கடலே இல்லாத இந்த நாட்டின் பச்சைமணிக் கற்கள் பாலைக்காட்டுக் கணவாயைத் தாண்டி முசிறித் துறைமுகம் வழியாக உரோமாபுரிக்குப் போயின. பதிலுக்கு வந்த உரோமானியக் காசுகள் கொங்கில் பல இடங்களில் புதையலாக வெளிப்பட்டன. இன்று அங்கே பார்ப்பதற்கு வயல்களும் மேடுகளும்தான் இருக்கும். படித்துவிட்டுப் போனால் மட்டுமே அவை பேசும். திரும்பும் வழியில், தீரன் சின்னமலையின் நினைவாக ஓடாநிலையில் எழுப்பப்பட்ட மணிமண்டபத்தில் நிற்கலாம். அவர் 1805-இல் ஆடிப்பெருக்கன்று சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதால், அந்நாளில் இங்கே பெருங்கூட்டம் திரளும். ஈரோட்டு நகரில் பெரியார்–அண்ணா நினைவகத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

காங்கயம் பக்கம் போகிறவர்கள் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டியைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. பக்தர் ஒருவரின் கனவில் வந்து முருகன் குறிப்பிட்ட பொருளை, பூ வைத்துக் கேட்டு உறுதி செய்தபின், கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும் வரை அது அங்கேயே இருக்கும். அந்தப் பொருளின் விலை ஏறுமா, இறங்குமா, நாட்டில் என்ன நடக்கும் என்று டீக்கடைகளில் நடக்கும் ஆராய்ச்சியைக் காது கொடுத்துக் கேளுங்கள். காங்கயம் மாடுகளைக் கூட்டமாகக் காண விரும்பினால், சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் தேதி கேட்டு வர வேண்டும்.

வீடுகளுக்குச் செல்லும்போது, திண்ணையில் இருப்பவர் முதல் அடுப்படியில் இருப்பவர் வரை ஒவ்வொருவரும் தனித்தனியே ‘வாங்க’ என்பார்கள். ஒவ்வொருவருக்கும் மறுமொழி சொல்ல வேண்டும், பொதுவாக ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்துவிட்டால் மனத்தாங்கல் வரும். சொம்பில் கொடுக்கும் தண்ணீரை வாங்கி ஒரு மடக்காவது குடித்துவிடுங்கள். சிறுவர்களிடமும் ‘வாங்க, சொல்லுங்க’ என்றே பேசுவது இங்கே இயல்பு. ‘உங்களுக்கு எந்த ஊருங்க, யாரு ஊட்டுல?’ என்ற கேள்வியில் பல நேரம் அன்பும் சில நேரம் சாதி விசாரணையும் இருக்கும். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. குலதெய்வக் கோயிலைத் தேடி வருபவர்கள், அப்பாரு (தாத்தா) பெயரையும் அவர் பிறந்த ஊரையும் குறித்துக்கொண்டு வந்தால் கோயில் பூசாரியே வழி காட்டுவார்.

இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குச் சந்தைகளில் கைப்பேசிவழிப் பணம் செலுத்துவது சிரமம் என்பதால் சில்லறை நோட்டுகளாக ரொக்கம் வேண்டும். காவிரியில் நீர் பெருகி, அதிகாரிகள் குளிக்கத் தடை விதித்திருக்கும் நாளில், உறவினர் யார் வற்புறுத்தினாலும் படித்துறையோடு நின்றுவிடுங்கள். ஜமக்காளம் கனமானது, பெட்டியின் எடையைக் கணக்கிட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்வோர் மஞ்சளையும் கொள்ளையும் விமான நிலையத்துப் படிவத்தில் தவறாமல் அறிவிக்க வேண்டும். மறைத்துக் கொண்டுபோனால் பொருளும் போய் அபராதமும் கட்ட நேரும்.