உங்கள் தெருவின் நலனை எக்ஸெல்லில் அளப்பது எப்படி?

ஒரு தெருவில் பத்து வீட்டில் கழிப்பறை இல்லை, பத்து வீட்டில் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று வையுங்கள். இவை வேறு வேறு வீடுகளா, இல்லை, அதே பத்து வீடுகளா? தனித்தனி சதவீதங்களைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஒரே வீட்டில் குறைகள் எப்படிக் குவிகின்றன என்பதைப் பிடிக்கத்தான் பல பரிமாண வறுமைக் குறியீடு. சபினா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் இருவரும் வகுத்த முறையை வைத்து 2010-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் இதை வெளியிடத் தொடங்கியது. நிதி ஆயோக் 12 அளவுகோல்களோடு இந்தியாவுக்கென ஒன்று வைத்திருக்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 2019-21-இல் வறியவர்கள் 2.20 சதவீதம்தான். மாநிலக் கணக்குக்குள் உங்கள் தெரு தெரியாது, அதனால் நாமே போட்டுப் பார்ப்போம். ஐ.நா.வின் எளிதான 10 அளவுகோல் முறையே போதும்.

படி 1: புள்ளிகள்

மொத்தம் 18 புள்ளி. வீட்டில் சத்துக்குறைவு உள்ளவர் இருந்தால் 3. கடந்த ஐந்து ஆண்டில் 18 வயதுக்குள் ஒரு பிள்ளை இறந்திருந்தால் 3. ஒருவர்கூட ஆறு வருஷம் படித்து முடிக்கவில்லை என்றால் 3. எட்டாம் வகுப்பு முடிக்கும் வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் 3. விறகு அடுப்பு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீட்டின் கட்டுமானம், வீட்டுப் பொருட்கள் ஆகிய ஆறில் எதில் குறை இருந்தாலும் தலா 1.

படி 2: கேட்பது

பாதி வேலை இதுதான். "கேஸ் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்பார்கள். சிலிண்டர் மூலையில் துணி போர்த்தி நிற்கும், பின்கட்டில் விறகு புகையும். "பெரும்பாலும் எதில் சமைக்கிறீங்க? நேத்து ராத்திரி?" என்று கேளுங்கள். கழிப்பறை இருந்தாலும் பக்கத்து வீட்டோடு பொதுவென்றால் அது குறைதான். குழந்தை இறப்பு பற்றிய கேள்வியை வாசலில் நின்று கேட்காதீர்கள். கடைசியில், தனியாக, முடிந்தால் ஒரு பெண் கேட்கட்டும். தாளில் பெயர் வேண்டாம், வீட்டுக்கு ஓர் எண் போதும்.

படி 3: தாளில் ஏற்றுவது

ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. முதலில் எண், அடுத்து எத்தனை பேர், அப்புறம் பத்து பத்திகள். குறை இருந்தால் அதன் புள்ளி, இல்லாவிட்டால் 0. கடைசியில் கூட்டல். பதில் கிடைக்காத கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள், எக்ஸெல் அதை 0 என்றே கூட்டும். முதல்முறை நான் அப்படி விட்டதில், பூட்டிக் கிடந்த வீடுகள் எல்லாம் 'குறையே இல்லாத' வீடுகளாகிவிட்டன! தகவல் இல்லாத வீட்டைத் தனித் தாளுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 4: கணக்கு

6 புள்ளியும் மேலும் என்றால் வறுமை. 9-க்கு மேல் போனால் கடுமை (9-உம் சேர்த்துத்தான்). 4, 5 புள்ளி என்றால் விளிம்பில் நிற்கும் வீடு. ஒரு கற்பனைத் தெரு:

வீடு 1: 4 பேர், 1 புள்ளி (விறகு)
வீடு 2: 7 பேர், 8 புள்ளி (சத்துக்குறைவு, பள்ளிக்குப் போகாத பிள்ளை, விறகு, கழிப்பறை)
வீடு 3: 2 பேர், 0
வீடு 4: 5 பேர், 5 புள்ளி (ஆறு வருஷப் படிப்பு இல்லை, விறகு, குடிநீர்)
வீடு 5: 2 பேர், 10 புள்ளி (சத்துக்குறைவு, படிப்பு, விறகு, கழிப்பறை, கட்டுமானம், பொருட்கள்)

வறியவை 2, 5 ஆகிய இரண்டு வீடுகள். வீட்டுக் கணக்கில் 40 சதவீதம். ஆனால் ஆட்களைத்தான் எண்ண வேண்டும்: 20 பேரில் 9 பேர், 45 சதவீதம். ஆள் எண்ணிக்கையைப் புள்ளியால் பெருக்கினால் 7×8 + 2×10 = 76. இதை 9 பேருக்கு வகுத்தால் சராசரி 8.44 புள்ளி, அதாவது 18-இல் 46.9 சதவீதம். குறியீடு 0.45 × 0.469 = 0.211. சரிபார்க்க, 76-ஐ 360-ஆல் (20×18) வகுங்கள். அதே எண் வரும்.

படி 5: பிரித்துப் பார்ப்பது

விறகில் சமைப்பவர்கள் 18 பேர், தெருவில் 90 சதவீதம். தனியாகப் பார்த்தால் இதுதான் முதல் பிரச்சினை. ஆனால் வறியவர்களின் 76-இல் விறகின் பங்கு 9, சத்துக்குறைவின் பங்கு 27, பள்ளிக்குப் போகாததன் பங்கு 21. (விறகுக்கு 1 என்று வைத்ததும் ஒரு காரணம்தான். புள்ளிகளை மாற்றிப் போட்டு, முடிவு எவ்வளவு ஆடுகிறது என்றும் பாருங்கள்.)

ஆறு மாதம் கழித்து மறுபடி போகும்போது நான் முதலில் தட்டுவது நான்காம் வீட்டுக் கதவை. அங்கே ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நின்றால் 5 புள்ளி 8 ஆகிவிடும், கூடவே ஐந்து பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார்கள்.