முன்கண்ணாடி கழற்றும்போது விடும் பிழைகள்

ஏ9 வீதியில் லொறி தெறிக்கவிட்ட கல்லால் முன்கண்ணாடி வெடித்தால், புதுக் கண்ணாடி என்ன விலை என்றுதான் முதலில் விசாரிப்போம். பழையதை எப்படிக் கழற்றப் போகிறார்கள் என்று கேட்பவர் குறைவு. மாரியில் தண்ணீர் ஒழுகுவதற்கும் பிறகு சட்டம் கறள் பிடிப்பதற்கும் விதை பல தடவை அங்கேதான் விழுகிறது.

எந்த வகைக் கண்ணாடி என்று பார்க்காமல் கைவைப்பது முதல் பிழை. யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற ஒஸ்டின், மொறிஸ் மைனர் கார்களில் கண்ணாடி றப்பர் பீடிங்கில் இருக்கும். உள்பக்க றப்பர் உதட்டைச் சட்டத்திலிருந்து கிளப்பிக்கொண்டே, மூலையில் தொடங்கி மெல்ல வெளியே தள்ளலாம். இறுகிப்போன றப்பரோடு மல்லுக்கட்ட வேண்டாம், வெட்டி எறியுங்கள், எப்படியும் புதுசு போடத்தான் வேண்டும். வாகன் ஆர் போன்ற இக்காலக் கார்களில் கண்ணாடியைப் பொலியுறேத்தேன் பசை பிடித்திருக்கிறது. அங்கே காலால் உதைத்துத் தள்ளினால் கண்ணாடி நொறுங்குவதுதான் மிச்சம்.

வெட்டுமுன் வைப்பர் கைகளையும் அடியிலுள்ள பிளாஸ்ரிக் மூடியையும் கழற்ற வேண்டும். பக்கத்தூண் மூடிக்குள் எயார்பாக் இருக்கக்கூடும். பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, வாகனக் கைநூலில் சொன்ன நேரம் பொறுக்காமல் அதை இழுக்கக் கூடாது. வெடித்த கண்ணாடிக்கு மேலே டேப் ஒட்டுங்கள். கண்ணுக்குக் கவசக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை, இரண்டும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

பசையை வெட்ட ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று கம்பியை மாறிமாறி இழுப்பார்கள். டாஷ்போட்டைத் தடித்த துணியால் மூடாவிட்டால் கம்பி அதையும் அறுத்துவிடும். அவசரக்காரர்கள் ஸ்குறூ டிறைவரைச் செருகி நெம்புவார்கள். வண்டியை ஒப்படைத்த என்னைப் போன்றவர்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும், ஏனென்றால் பெயின்றில் விழும் அந்தக் கீறல் புதுக் கண்ணாடிக்குக் கீழே மறைந்துபோகும். பண்ணைப் பாலத்திலும் கல்லுண்டாயிலும் தினமும் உப்புக்காற்று வாங்குகிற வாகனத்துக்கு அந்த ஒரு கீறல் போதும், கறள் பசைக்கடியால் ஊர்ந்து போகும். வெறும் தகரம் தெரிந்த இடமெல்லாம் புதுப்பசைக்கு முன் அதற்குரிய பிறைமர் என்ற அடிப்பூச்சு பூசப்பட வேண்டும். ஏற்கெனவே கறள் இருந்தால் தேய்த்து எடுத்துவிட்டே மேற்கொண்டு போக வேண்டும். கறளின் மேல் ஒட்டிய பசை கறளோடு சேர்ந்தே கழன்று வரும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சுத்தம் என்று நினைத்துப் பழைய பசை முழுவதையும் தகரம் வரை சுரண்டுவார்கள். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பசையை 1 முதல் 2 மில்லிமீற்றர் உயரத்துக்குச் சமமாக விட்டுவிடுங்கள், புதுப்பசை அதில்தான் நன்றாகப் பிடிக்கும். துடைத்த பிறகு அந்த இடத்தை வெறுங்கையால் தொடாதீர்கள்.

மலிவு என்று பொலியுறேத்தேன் பசைக்குப் பதிலாகச் சிலிக்கன் பூசச் சம்மதிக்கவே வேண்டாம். முன்பக்கப் பயணியின் எயார்பாக் பல கார்களில் இந்தக் கண்ணாடியில் முட்டித்தான் ஆளின் பக்கம் திரும்புகிறது. கண்ணாடி கழன்றால் அதனால் பயனில்லை. எவ்வளவு நேரம் கழித்து ஓட்டலாம் என்பது பசைக் குழாயிலேயே இருக்கும், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். ஜன்னலைச் சற்று இறக்கி வைத்தால் கதவை அடிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடியைத் தள்ளாது.

பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் கமரா உள்ள கார் என்றால், அதைத் திரும்பச் சரிப்படுத்தும் கருவி கராஜில் இருக்கிறதா என்று வண்டியைக் கொடுக்குமுன் கேளுங்கள்.