அக்சஸில் கோடு இருக்கிறது, சேர்வரில் உறவு இருக்கிறதா?

திருகோணமலையில் மீன் வாங்கி விற்கும் ஓர் இடத்தின் கணக்கு பல வருடமாக மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடியது. கரண்ட் போகிற நேரமெல்லாம் கோப்பு பழுதாகிறதென்று டேபிள்களை எஸ்கியூஎல் சேர்வர் என்ற பெரிய தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். படிவமும் அறிக்கையும் அக்சஸிலேயே இருந்தன. இரண்டு கிழமை கழித்துக் கணக்குப் பார்க்கிற தம்பி கேட்டார்: "அண்ணா, மொத்தமாப் பாத்தா வாற காசு, வள்ளம் வள்ளமாப் பாத்தா குறையுதே?"

மூதூர் வள்ளம் ஒன்றை யாரோ அழித்திருந்தார்கள். அதன் பேரில் பதிந்த 37 சிட்டைகள் (கணக்குச் சீட்டுகள்) அநாதையாகக் கிடந்தன. வள்ளவாரி அறிக்கை வள்ள டேபிளையும் சிட்டை டேபிளையும் இணைத்து எடுப்பது. வள்ள டேபிளில் தாய் வரி இல்லாத சிட்டை அதில் வராது.

பிழை என்னுடையதுதான். அக்சஸிலிருந்து ஓடிபிசி (தரவுத்தளங்களை இணைக்கும் பொது வழி) வழியாக ஏற்றுமதி செய்தால் டேபிளும் தரவும் போகும். சாவியும் (வரியை அடையாளம் காட்டும் எண்) உறவும் (எந்தச் சிட்டை எந்த வள்ளத்துடையது என்ற கட்டு) போகாது. முதன்மைச் சாவியையும் தானாக ஏறும் எண்ணையும் பிறகு நானே வைத்தேன். உறவுக்கு மட்டும் அக்சஸின் ரிலேஷன்ஷிப் திரையில் கோடு இழுத்துவிட்டு எழும்பிவிட்டேன். சேர்வரிலிருந்து இணைத்த டேபிள்களுக்கு நடுவே இழுத்த கோட்டை இரட்டைக் கிளிக் செய்து பாருங்கள்: தாய் இல்லாத வரியைத் தடுக்கும் 'என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி' பெட்டி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். குவெரி வரையும்போது இரண்டு டேபிளைத் தானாகச் சேர்ப்பதோடு அந்தக் கோட்டின் வேலை முடிந்தது. டேபிள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உறவைக் காக்க முடியும்.

சரி, சேர்வரில் ஃபாரின் கீ (தாய் வரி இல்லாத வரியை ஏற்காத பூட்டு) போடப் போனால் பழைய அநாதை வரிகள் இடிக்கும். அப்போது கை தானாக 'வித் நோசெக்' பக்கம் போகும். போகவேண்டாம். பழையதை அப்படியே விட்டு, இனி வருவதை மட்டும் பார்க்கிற பூட்டு அது. சேர்வரே அந்த உறவை நம்பத்தகாதது என்று குறித்து வைக்கும். சிட்டை எல்லாவற்றையும் காட்டும் லெஃப்ட் ஜாயின் போட்டு, வள்ளப் பக்கம் வெறுமையாக வருகிற சிட்டைகளைப் பிடித்துத் திருத்திய பிறகு ஃபாரின் கீயைப் போடுங்கள். சிட்டையில் வள்ள எண் இருக்கும் நெடுவரிசைக்கு இன்டெக்ஸும் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) போடுங்கள். அக்சஸ் மறைவாகச் செய்து தந்த வேலை இது, எஸ்கியூஎல் சேர்வர் செய்து தராது.

பூட்டுப் போட்டதும் படிவங்கள் முறைக்கத் தொடங்கும். அக்சஸ் டேபிளில் முதல் எழுத்தைத் தட்டியவுடனே புதிய எண் விழுந்துவிடும்; சேர்வரில் பதிவைச் சேமித்த பிறகுதான் விழும். வள்ளத்தைப் பதிந்த கையோடு அதன் எண்ணை எடுத்துச் சிட்டையில் எழுதும் என் பழைய நிரலுக்கு வெறும் 'நல்' (வெறுமை) தான் கிடைத்தது. எண்ணைப் படிப்பதற்கு முன் 'மீ.டர்ட்டி = ஃபால்ஸ்' என்று ஒரு வரி போட்டுச் சேமிக்க வைத்தேன், தீர்ந்தது. சிட்டையின் வள்ள எண் புலத்தில் 0 என்ற இயல்பு மதிப்பு ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 0 ஆம் இலக்க வள்ளம் எந்தத் துறையிலும் இல்லை.

வள்ளத்தை அழித்தால் சிட்டையும் சேர்ந்து அழியட்டும் என்று கேஸ்கேட் போடச் சொன்னவர்களும் உண்டு. காசுக் கணக்கில் அது எனக்குச் சரிப்படவில்லை. அழிக்க விடாமல், 'ஓடவில்லை' என்றொரு பிட் (0 அல்லது 1) நெடுவரிசை சேர்த்தேன். அதிலும் ஒரு வில்லங்கம்: பிட் புலத்தில் வெறுமைக்கு இடம் விட்டால், வேறு யாரும் தொடாத பதிவைக்கூட இன்னொருவர் மாற்றிவிட்டார் என்று சொல்லி அக்சஸ் சேமிக்க மறுக்கும். வெறுமையைத் தடுத்து, இயல்பாக 0 வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு மேசையிலும் உள்ள முன்பக்கக் கோப்பில் இணைப்பைப் புதுப்பியுங்கள். இல்லாவிட்டால் புது நெடுவரிசை அங்கே தெரியாது.

அந்த மூதூர் வள்ளத்தைப் பழைய எண்ணோடே திரும்பப் போட, தானாக ஏறும் எண்ணை நாமே எழுத விடும் 'ஐடென்டிட்டி இன்சேர்ட்'டை ஒருமுறை திறக்கவேண்டி வந்தது. வள்ளத்தின் பெயரைத் தம்பி சிட்டைப் புத்தகத்தைப் புரட்டி வாசித்தார், நான் தட்டினேன்.