மஸ்டாங் தரைத்தகடு மாற்றும் முன்
1965–68 ஃபோர்டு மஸ்டாங்கில் தரை துருப்பிடித்திருந்தால், கோளாறு பெரும்பாலும் மேலேதான். முன்கண்ணாடிக்கு முன்னாலுள்ள காற்றுச் சல்லடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் சொட்டினால் கவுல் (அந்தச் சல்லடைக்குக் கீழுள்ள தகட்டுப் பெட்டி) அரித்துவிட்டது. அதை விட்டுவிட்டுப் புதுத் தகடு போடுவது வீண் செலவு.

இந்த வண்டிக்குத் தனி சேஸி கிடையாது, பாடியேதான் சேஸி. ஆகவே வெட்டும் முன் கதவு வாசல்களில் 25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்கே டாக் வெல்டு (தற்காலிகப் பொட்டு வெல்டு) செய்யுங்கள். கதவு இடைவெளியை அளந்து குறித்துவையுங்கள். சோம்பல்பட்டால் பாடி தொய்ந்து, பிறகு கதவு சாத்தாது. இதற்கெல்லாம் முன்பே பேட்டரி, பெட்ரோல் டேங்க் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

பழைய ஸ்பாட் வெல்டுகளை (இரு தகடுகளைப் பிடித்திருக்கும் புள்ளி வெல்டுகளை) 8 மி.மீ. கட்டரால், மேல் தகடு மட்டும் போகும்படி துளையுங்கள். புதுத் தகட்டில் அதே அளவுத் துளைகள் போட்டு, ஒட்டும் பரப்பில் வெல்டு-த்ரூ பிரைமர் (வெல்டு செய்யும் பரப்பில் துருவைத் தடுக்கும் பூச்சு) அடியுங்கள். துளைக்குள் மட்டும் பிரைமரைச் சுரண்டிவிட்டு, மிக் வெல்டரில் (கம்பி தானாக வரும் மின் வெல்டிங் கருவி) 0.6 மி.மீ. கம்பியால் நிரப்புங்கள்.

இணைப்பை ஒரே இழுப்பில் வெல்டு செய்தால் தகடு அப்பளமாய் நெளியும். இங்கே ஒரு பொட்டு, அடுத்தது ஒரு சாண் தள்ளி. கை வைக்கும் அளவு ஆறிய பிறகே இடைவெளியை நிரப்புங்கள். கடைசியில் பிரைமர், அதன்மேல் எல்லா மூட்டுகளிலும் சீம் சீலர் (நீர் புகாமல் அடைக்கும் பசை).