மூன்று நார்ம்களும் 2500 புள்ளியும்: கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைத் திட்டமிட்டு அடைவது எப்படி

2024 மே மாதம் துபாய் போலீஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் பி. ஷியாம்நிகில் இந்தியாவின் 85-ஆவது சதுரங்க கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவருக்கு வயது 31. நாகர்கோவிலில் பிறந்த அவர் 2500 ரேட்டிங் புள்ளியையும் (ரேட்டிங் என்பது வீரரின் வலிமையைக் காட்டும் எண்), ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடியதற்கான சான்றான நார்ம்களில் இரண்டையும் 2012-லேயே எட்டிவிட்டிருந்தார்; எஞ்சியிருந்த ஒரே ஒரு நார்முக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. சதுரங்க வீராங்கனை வைஷாலிக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியோடு அவருக்கு மூன்று நார்ம்களும் சேர்ந்துவிட்டன, 2500 புள்ளிதான் பாக்கி இருந்தது. அதை அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்பெயினில் நடந்த லோப்ரேகாட் ஓபனில் கடந்தார்.

இந்த இருவரின் அனுபவத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு இரண்டு தனித்தனி வாசல்கள் இருப்பது தெரியும். ஒன்றைத் திறந்துவிட்டதால் மற்றது தானாகத் திறந்துகொள்வதில்லை. 2300 புள்ளியைத் தாண்டிய இளைஞர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இந்தக் கட்டுரையும் அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. பலகையில் நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளைகள் விதிகளைப் படிக்காததாலும் போட்டிகளைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததாலும் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது தவிர்க்கக்கூடிய இழப்பு.

விதிகளிலிருந்து தொடங்குவோம். உலகச் சதுரங்க அமைப்பான ஃபிடேயின் கணக்கில் ஒரு முறையாவது 2500 புள்ளியை எட்டியிருக்க வேண்டும். மாதப் பட்டியலில் அந்த எண் அச்சாக வேண்டும் என்பதில்லை; ஒரு போட்டியின் நடுவே எட்டியிருந்தாலும் போதும், அதற்குப் பிறகு வரும் தோல்விகள் அந்தத் தகுதியைப் பறிப்பதில்லை. இதோடு, குறைந்தது 27 ஆட்டங்களை உள்ளடக்கிய நார்ம்கள் தேவை. வழக்கமான போட்டி ஒன்பது சுற்று என்பதால்தான் மூன்று நார்ம்கள் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். ஒருமுறை முறைப்படி பெற்ற நார்ம் காலாவதியாவதில்லை என்பதைக் காத்திருப்பவர்கள் தைரியமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நார்ம் என்பது ஒரு போட்டியில் 2600 புள்ளி மதிப்புள்ள ஆட்டக்காரரைப் போல ஆடியதற்கான சான்று. அந்த 2600 எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு வீரரும் தாமே கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது எதிராளிகளின் சராசரி ரேட்டிங் குறைந்தது 2380 இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்ச சராசரியில் ஒன்பது ஆட்டங்களில் ஏழு ஆட்டப் புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுத்தாக வேண்டும். சராசரி 2434 ஆனால் ஆறரை புள்ளியும், 2475 ஆனால் ஆறு புள்ளியும், 2520 ஆனால் ஐந்தரையும், 2557 ஆனால் ஐந்தும் போதும். ஷியாம்நிகில் துபாயில் வென்றது ஓர் ஆட்டம், டிரா செய்தது எட்டு ஆட்டங்கள். அந்த ஐந்து புள்ளியே அவருக்குப் பட்டத்தைக் கொடுத்தது என்றால் எதிரே அமர்ந்தவர்கள் எவ்வளவு வலுவானவர்களாக இருந்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வலுவற்றவர்கள் நிறைந்த போட்டியில் ஏழு புள்ளி எடுப்பதைவிட வலுவானவர்கள் நடுவே தோற்காமல் நிற்பது பல நேரங்களில் எளிது என்பது என் உறுதியான கருத்து. குறிப்பாக, எச்சரிக்கையாக ஆடும் இயல்புள்ள பிள்ளைகளுக்கு.

புள்ளியும் சராசரியும் அமைந்துவிட்டாலும் எதிராளிகளின் கலவை சரியாக அமைய வேண்டும். ஒன்பது பேரில் மூவராவது கிராண்ட்மாஸ்டர்களாகவும், குறைந்தது ஐந்து பேர் பட்டம் பெற்றவர்களாகவும் இருக்க வேண்டும். இந்த ஐவர் கணக்கில், பட்டங்களில் கடைநிலையான கேண்டிடேட் மாஸ்டர் பட்டம் சேராது. பொதுவான விதிப்படி நம் நாட்டவர் ஐந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது, நம் நாட்டைத் தவிர வேறு இரு நாடுகளைச் சேர்ந்தவர்களாவது இருக்க வேண்டும். வெளிநாட்டு வீரர்கள் போதிய எண்ணிக்கையில் பங்கேற்கும் பெரிய ஓபன் போட்டிகளில் இந்த நாட்டு விதிக்கு மட்டும் விலக்கு உண்டு. எதிராளிகளில் ஒருவர் மிகவும் குறைந்த ரேட்டிங் உடையவராக இருந்தால், அந்த ஒருவரை மட்டும் 2200 என்று உயர்த்திக் கணக்கிடலாம் என்ற சலுகையும் இருக்கிறது. முதல் சுற்றில் 1950 புள்ளிச் சிறுவனுடன் ஆட நேர்ந்ததால் நார்ம் போய்விட்டது என்று சோர்ந்து உட்கார்ந்துவிட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை எட்டாம் சுற்று முடிந்த இரவில் போட்டுப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஐரோப்பிய ஊரில், விடுதி அறையின் கட்டில் ஓரத்தில் அமர்ந்து என் மாணவனும் நானும் ஸ்கோர்ஷீட்டின் பின்புறத்தில் பென்சிலால் எட்டு எதிராளிகளின் ரேட்டிங்கை வரிசையாக எழுதிக் கூட்டினோம். அடுத்த நாள் டிரா செய்தால் போதும் என்று வந்தது. இருவரும் நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் யார் யாருடன் ஆடுவது என்று சொல்லும் ஜோடிப் பட்டியலைப் பார்த்தபோதுதான், எட்டுப் பேரில் ஒருவரின் பெயருக்கு முன்னால் இருந்தது ஃபிடே மாஸ்டர் என்ற பட்டமல்ல, கேண்டிடேட் மாஸ்டர் என்ற பட்டம் என்பது என் கண்ணில் பட்டது; கடைசிச் சுற்றின் எதிராளிக்கும் பட்டம் கிடையாது. ஐந்து பேர் தேவைப்பட்ட இடத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள். வென்றாலும் நார்ம் இல்லை என்ற நிலையில் அவனை ஆட அனுப்பினேன். அந்தப் பிழை முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ஆறாம் சுற்றுக்குப் பிறகு ஒவ்வொரு இரவும் பட்டங்களைத் தனியாக, நாடுகளைத் தனியாக, சராசரியைத் தனியாக எழுதுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. பொருத்தமான எதிராளி வேண்டும் என்று நடுவரிடம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் இன்று வெற்றிக்காக ஆட வேண்டுமா, டிரா போதுமா என்ற முடிவு இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

ஜோடி அமைவதே நார்மைத் தீர்மானித்துவிடுவதும் உண்டு. 2018-இல் இத்தாலியின் ஓர்ட்டிசே நகரில் எட்டாம் சுற்றை வென்ற பிரக்ஞானந்தாவுக்கு, ஒன்பதாம் சுற்றில் 2482-க்கு மேற்பட்ட ஒருவருடன் ஆடினாலே போதும் என்ற நிலை இருந்தது. நெதர்லாந்து கிராண்ட்மாஸ்டர் ரோலண்ட் பிரைசர்ஸ் எதிராளியாக அமைந்தவுடன், முதல் காயை நகர்த்துவதற்கு முன்பே அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் பட்டம் உறுதியாகிவிட்டது.

இரண்டாவது வாசலான 2500 புள்ளியில் கவனிக்க வேண்டியது, ஒவ்வோர் ஆட்டத்திலும் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் கே எனப்படும் பெருக்கெண். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 2300-க்குக் கீழே இருக்கும்வரை இது 40. பொதுவாக 2400-க்குக் கீழே 20. ஒருமுறை 2400-ஐ எட்டிவிட்டால் 10, பிறகு ரேட்டிங் இறங்கினாலும் 10 தான். ஆகவே 2400-இலிருந்து 2500-க்குப் போக, ரேட்டிங் வித்தியாசத்தின்படி எதிர்பார்க்கப்படும் ஆட்டப் புள்ளிகளைவிடப் பத்து முழுப் புள்ளிகள் கூடுதலாக எடுக்க வேண்டும். 2480-இல் இருப்பவர் 2300-இல் இருப்பவரிடம் டிரா செய்தால் 2.4 புள்ளி போய்விடும். அதே 2300 சிறுவன் உண்மையில் 2450 வலிமையுடன் ஆடுகிறவனாக இருப்பது இந்தியப் போட்டிகளில் அன்றாடக் காட்சி. ரேட்டிங் ஏறுவதற்கு முன்பே அவனது ஆட்டம் ஏறிவிட்டிருக்கும். இதனால் புள்ளி சேர்க்க நினைக்கும் காலத்தில் இளம் வீரர்கள் நிறைந்த உள்நாட்டு ஓபன் போட்டிகளையே தொடர்ந்து ஆடுவது நல்லதல்ல என்று நினைக்கிறேன். நார்முக்கு ஒரு வகைப் போட்டி, புள்ளிக்கு வேறு வகைப் போட்டி என்று ஆண்டின் தொடக்கத்திலேயே பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

போட்டிகளைத் தேர்ந்தெடுக்கும்போது கடந்த ஆண்டு அதே போட்டியில் யார் யார் ஆடினார்கள், எத்தனை பேருக்கு நார்ம் கிடைத்தது என்ற பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். ரெய்க்யாவிக் ஓபன் போன்ற பெரிய ஓபன் போட்டிகளில் எதிராளிகளின் கலவை பெரும்பாலும் தானாக அமையும், ஆனால் முதல் இரண்டு சுற்றுகள் சராசரியைக் கீழே இழுக்கும். புடாபெஸ்ட், செர்பியா பகுதிகளில் நடக்கும் பத்துப் பேர் மட்டும் ஆடும் மூடிய போட்டிகளில் யாருடன் ஆடப்போகிறோம் என்பது முன்பே தெரியும், தயாரிப்புக்கு அது பெரிய வசதி. ஆனால் சராசரி குறைவாக இருந்தால் ஏழு புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இரண்டையும் கலந்து ஆடுவதே சரி. ஒரு பயணத்தில் மூன்று போட்டிகளுக்கு மேல் வேண்டாம். செலவை மிச்சப்படுத்துவதற்காக ஐந்து போட்டிகளை அடுக்கிவைத்த குடும்பங்களில், பிள்ளை நான்காவது போட்டியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

செலவைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், நுழைவுக் கட்டணம், உடன் செல்லும் ஒருவரின் செலவு, பயிற்சியாளரின் கட்டணம் எல்லாம் சேர்ந்து நடுத்தரக் குடும்பத்தை அசைத்துவிடும். குகேஷின் தந்தை மருத்துவர். மகனுடன் போட்டிகளுக்குச் செல்வதற்காகத் தம் தொழிலையே நிறுத்திவைத்தார், குடும்ப நண்பர்கள் பணம் கொடுத்து உதவினார்கள். அப்படிப்பட்ட ஆதரவு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித் திட்டங்களுக்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் விண்ணப்பிக்க ரேட்டிங் வரைபடம், பதக்கச் சான்றுகள், வரும் ஆண்டின் போட்டித் திட்டம், செலவு மதிப்பீடு ஆகியவற்றை ஒரே கோப்பில் எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதற்குப் பயிற்சியாளர் இருக்கிறார். விஷ்ணு பிரசன்னா குகேஷுக்குப் பயிற்சி அளித்தபோது, ஏறத்தாழ 2500 வரும்வரை ஆட்டத்தை ஆராய்ந்து சிறந்த நகர்வைச் சொல்லும் கணினி இயந்திரத்தைப் (செஸ் எஞ்சின்) பயன்படுத்தவே விடவில்லை. எல்லோரும் அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் தோற்ற ஆட்டத்தை இயந்திரத்தில் போடுவதற்கு முன், எங்கே தவறினேன், அப்போது என்ன நினைத்தேன் என்பதைத் தன் கையால் எழுதும் பழக்கம் கட்டாயம் வேண்டும். காய்களைத் தொடாமல் மனத்திலேயே நகர்வுகளைக் கணக்கிடும் பயிற்சி நாள்தோறும் வேண்டும். தொடக்க ஆட்டத்தை மட்டுமே மனப்பாடம் செய்தவர்கள் ஐந்தாம் மணி நேரத்தில் யானை இறுதி ஆட்டத்தில் அரைப் புள்ளியை இழக்கிறார்கள். அந்த அரைப் புள்ளிதான் பெரும்பாலும் நார்ம்.

பட்டம் வந்தபின் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதையும் முன்பே அறிந்திருப்பது அவசியம். பரிசுப் பணத்தை மட்டும் நம்பி வாழ்பவர்கள் உலகின் மேல்வரிசையில் இருக்கும் சிலர்தான். மற்றவர்களின் வருமானம் பல ஓடைகளிலிருந்து வருகிறது. ஓபன் போட்டிகளில் கிராண்ட்மாஸ்டர்களுக்குப் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இருக்காது, தங்குமிடமும் உணவும் கிடைப்பதுண்டு. இதைப் போட்டி அமைப்பாளருக்கு மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் புண்டஸ்லிகா போன்ற அணிப் போட்டிகள் வார இறுதிகளில் நடக்கின்றன, அணிக்கு எட்டுப் பலகை. ஓர் அணியில் இடம் கிடைத்தால் பயணச் செலவோடு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியமும் உண்டு. முன்னணி வீரர்களுக்கு உதவியாளராகப் பணிபுரிவது இன்னொரு வழி. ஆனந்தின் உலகப் பட்டப் போட்டிகளில் சூர்ய சேகர் கங்குலி அப்படி உழைத்தவர். நம் நாட்டில் பெட்ரோலிய நிறுவனங்களும் ரயில்வேயும் சதுரங்க வீரர்களுக்கு வேலை கொடுத்து வந்திருக்கின்றன, கிராண்ட்மாஸ்டர் சசிகிரண் ஓ.என்.ஜி.சி.யில் பணிபுரிந்தவர். கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ் இந்தியன் ஆயில் வேலையையே விட்டுவிட்டு, 2008-இல் மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் செஸ் குருகுலம் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, பிரக்ஞானந்தாவையும் வைஷாலியையும் உருவாக்கினார். பயிற்சியாளர் ஆவது ஆட்டத்தில் தோற்றவர்களின் ஒதுங்கிடம் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது; அது முற்றிலும் தவறு. கிராண்ட்மாஸ்டராக வாழ்வதில் மிகவும் நிலையான வருமானமும் மரியாதையும் உள்ள வழி அதுதான்.

எந்த வழியில் போவதானாலும் பள்ளிப் படிப்பை முழுவதுமாகக் கைவிடும் முடிவை 2500-க்கு முன் எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. தொலைதூரக் கல்வியோ தனித்தேர்வோ எழுதிக் கையில் ஒரு சான்றிதழ் இருந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது தேவைப்படும்.

கடைசியாக, காகித வேலை. நார்ம் கிடைத்ததும் தலைமை நடுவர் ஐ.டி.-1 என்னும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டுத் தருவார். பரிசளிப்பு விழாவுக்குக் காத்திராமல் விமானத்தைப் பிடிக்க ஓடிய ஒரு குடும்பம், அந்தப் படிவத்தில் ஓர் எதிராளியின் நாடு தவறாக எழுதப்பட்டிருந்ததை ஊருக்கு வந்தபின் கண்டுபிடித்து, அதைத் திருத்தி வாங்கப் பல மாதங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததை அருகிலிருந்து பார்த்தேன். ஆகவே கடைசிச் சுற்றுக்கு மறுநாள் காலையில் பயணம் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் ஒன்பது பெயர்கள், ஃபிடே எண்கள், பட்டங்கள், நாடுகள், ரேட்டிங், சுற்றுவாரியான முடிவு ஆகிய ஒவ்வொன்றையும் நடுவரின் மேசை அருகிலேயே நின்று உங்கள் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்தான பிரதியை அங்கேயே படமெடுத்து அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்புக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மூலப் பிரதியைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டுச் சரக்கில் அனுப்ப வேண்டாம்.